கட்டைக் குரல்

தமிழில் ‘கட்டை’ என்னும் சொல் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அடுப்பில் வைக்கும் விறகும் கட்டை. வித்வான் பாடும் சுருதியும் கட்டை. வயோதிகர் அலுத்துக்கொள்ளும்போது தம் சரீரத்தையே “இந்தக் கட்டை” என்று குறிப்பிடுகிறார். தடித்து ஆழ்ந்து ஒலிக்கும் சாரீரத்தையோ கட்டைக் குரல் என்கிறோம். இந்த நான்கு பொருளும் பொருந்தக்கூடிய வஸ்து உலகத்தில் உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. அத்தகைய வஸ்துக்கள் இரண்டு, புதுச்சேரியில் நம் வீட்டு மாடிப்படியின் கீழ்ப் பதினெட்டு ஆண்டுகள் மௌன விரதம் அனுஷ்டித்து வந்தன. அவை ஒலிபெருக்கிப் பெட்டிகள். அதிலும் மந்தர ஸ்தாயி ஒலிகளுக்கென்றே செய்யப்பட்டவை. சவுண்டு சர்வீஸ்காரர்கள் இவற்றைப் ‘பேஸ் பெட்டி’ என்பார்கள்.

அவை நம் தாய்மாமன் தேடி வைத்த சொத்து. மாமா பகலில் சர்க்கார் குமாஸ்தா. பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கிப் பித்தர். 1986-ம் ஆண்டில் முக்கால் அங்குலப் பிளைவுட் பலகை வாங்கி, தச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தாமே அளவு சொல்லி இந்த இரண்டையும் செய்வித்தார். ஒவ்வொன்றிலும் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ஒரு பெட்டியைத் தூக்க இரண்டு ஆட்கள் வேண்டும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது எதிர்கொண்டழைக்கும் பந்தலிலும், மார்கழி பஜனையிலும், தெருவில் நடந்த கல்யாணங்களிலும் இருபது வருஷ காலம் அவை முழங்கின. 2006-ல் மாமா காலமானார். அன்று பெட்டிகளின் மீது போர்த்திய பழைய ஜமக்காளத்தை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

எடுக்க வைத்தது புயல். 2024-ம் வருஷம் நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததையும், ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் இந்த ஊர்க்காரர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகு வீதிதோறும் வாசலில் மெத்தைகளும், மர அலமாரிகளும், பிள்ளைகளின் புஸ்தகங்களும் குவிந்து கிடந்தன. நம் வீட்டிலும் ஒரு சாண் தண்ணீர் புகுந்தது. மாமா தம் பெட்டிகளை வெறுந்தரையில் வைக்காமல் நான்கு கருங்கற்களின் மேல் ஏற்றி வைத்திருந்ததால் அவை தப்பின. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் உருவான நவநாகரிகப் பெட்டி ஒன்றும் அதே வீட்டில் இருந்தது. அது தண்ணீரில் ஊறி, பொருமி, கையால் தொட்டதும் ரஸ்க் ரொட்டியைப் போல் உதிர்ந்துபோயிற்று.

வீட்டைச் சுத்தம் செய்யும் வைபவத்தில் பழைய சாமான் வாங்குகிறவர் வந்து சேர்ந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருக்கும் காந்தத்துக்கு இரும்பு விலை, பலகைக்கு விறகு விலை என்று தீர்ப்புச் சொன்னார். இனி அத்தை வாயைத் திறந்தால்தான் பேரம் முடியும். அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. காது சற்று மந்தம். புத்தி துளியும் மந்தமில்லை.

“விற்பதானால் விற்றுவிடு, தம்பி. நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் நாடி பிடித்துப் பார்க்காமல் யாரையாவது பாடையில் ஏற்றுவார்களா? அது பேசுமா, பேசாதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விற்றுக்கொள்” என்றார்கள்.

இந்த நியாயத்துக்கு எதிர்வாதம் கிடையாது. பழைய சாமான்காரர் தராசை மடித்துக்கொண்டு புறப்பட்டார்.

இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு, சட்டைப் பையில் அடங்கும் கைப்பேசியே பாடுகிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். காரணம் காற்றின் சுபாவத்தில் இருக்கிறது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. ஆகவே வினாடிக்கு 4,000 தடவை அதிரும் கீச்சொலியின் அலை ஒன்று எட்டரைச் சென்டிமீட்டர் நீளந்தான். வினாடிக்கு 40 தடவை அதிரும் கட்டை ஒலியின் அலையோ எட்டரை மீட்டருக்கு மேல், அதாவது நம் வீட்டுக் கூடத்தை விடப் பெரியது. அதைக் கிளப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். ஒரே கூம்பு, ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே வலுவுடன் ஒலிக்க வேண்டுமானால் முன்னைப்போல் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர்ந்தாக வேண்டும். கைப்பேசியின் நகக்கண் அளவுள்ள ஸ்பீக்கர் இதற்கு எங்கே போகும்? வினாடிக்கு 300 அதிர்வுக்குக் கீழே அது பெரும்பாலும் கைவிரித்துவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பியும் தவிலின் தொப்பியும் எழுப்பும் நாதத்தில் பெரும்பகுதி அதற்குக் கீழேதான் இருக்கிறது. கைப்பேசியில் நாம் கேட்பது வலந்தலை மட்டும் வாசிக்கப்பட்ட பாதிக் கச்சேரி என்றே சொல்லலாம்.

பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கூம்பு முன்புறம் காற்றைத் தள்ளும் அதே க்ஷணத்தில் பின்புறம் காற்றை இழுக்கிறது. பெட்டி இல்லையேல் முன்னலையும் பின்னலையும் விளிம்பைச் சுற்றிச் சந்தித்து ஒன்றையொன்று விழுங்கிவிடும். பெட்டி அவற்றைப் பிரித்து வைக்கிறது. சில பெட்டிகளில் முகப்பில் ஒரு துவாரமும் உள்ளே ஒரு குழாயும் இருக்கும். வாய் குறுகிய குடத்தின் விளிம்பில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரு சுரம் கேட்கிறதல்லவா? அதே தத்துவந்தான். அந்தக் குழாய் பின்னலையைத் தக்க சமயத்தில் வெளியே விட்டுக் கட்டை ஒலிக்குக் கைகொடுக்கிறது. இன்று நாம் அறிந்த கம்பிச்சுருள் ஸ்பீக்கரைப் பற்றி ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க எஞ்சினீயர்கள் 1925-ல் கட்டுரை எழுதினார்கள். துவாரப் பெட்டிக்குத் துராஸ் என்பவர் 1932-ல் பேடண்டு பெற்றார். அன்று முதல் இன்று வரை எத்தனையோ மாறுதல்கள் வந்தும், காற்றை ஏமாற்றும் வழி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பெரிய ஒலிக்குப் பெரிய பெட்டிதான்.

நம் தேசத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரு பழைய பந்தம் உண்டு. 1930-களில் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தவர் நானிக் மோத்வானி. அவருடைய கம்பெனியின் பெயர் ‘சிக்காகோ ரேடியோ’. பெயர்தான் அமெரிக்கா, முதலாளி நம் நாட்டவர். 1942 ஆகஸ்டு இயக்கத்தின்போது பம்பாயில் உஷா மேத்தா முதலியவர்கள் நடத்திய ரகசியக் காங்கிரஸ் ரேடியோவுக்கு உதவியதற்காக அவரும் கைதாகி வழக்கில் நிறுத்தப்பட்டார். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்திலேயே, 1947 ஆகஸ்டு 14-ம் தேதி, இங்கே வாசம் செய்த ஸ்ரீ அரவிந்தரின் சுதந்தர தினச் செய்தியைத் திருச்சி வானொலி ஒலிபரப்பியது. எல்லைக்கோடு மனிதரைத் தடுக்கலாம். ஒலிக்குச் சுங்கச்சாவடி ஏது? கூட்டங்களில் பேச்சைத் தொலைதூரம் கொண்டு சென்றவை புனல் வடிவமான குழாய் ஒலிபெருக்கிகள். அவை பேச்சுக்கு உகந்தவை. மத்தளத்தின் அடிநாதம் அவற்றில் ஏறாது. அதற்காகத்தான் ஊர்தோறும் மாமாவைப் போன்றவர்கள் பலகையும் வஜ்ஜிரமும் எடுத்துக்கொண்டு உள்ளூரிலேயே பெட்டி கட்டினார்கள். சுதேசித் தொழில் என்று மேடையில் பேசாமலே செய்த சுதேசித் தொழில் அது.

நிற்க. நெடுங்காலம் தூங்கிய பெட்டியை எழுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளியே எடுத்தவுடன் ஆம்ப்ளிஃபயரில் மாட்டி முறுக்கிவிடக் கூடாது. பட்டினி கிடந்தவனுக்கு முதல் வேளையே விருந்து வைப்பதற்கு ஒப்பாகும் அது. மார்கழி ஈரம் போகும்வரை பெட்டிகளைத் தாழ்வார நிழலில் காற்றாட வைத்தோம். கொதிக்கும் வெயிலில் வைத்தால் பிளைவுட் அடுக்கு விட்டுவிடும். மாசி மாதத்தில் முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்பீக்கர் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். ஐம்பது வருஷமாக இதே தொழில். ஒரு திருகுளி, ஒரு டார்ச் செல், ஒரு மல்டிமீட்டர், ஒரு கட்டு ஊதுவத்தி ஆகியவையே அவருடைய ஆயுதங்கள். ஊதுவத்தி எந்தச் சுவாமிக்கு என்று அத்தை விசாரித்தார்கள். “இந்தச் சுவாமிக்குத்தான் அம்மா” என்று பெட்டியைக் காட்டினார்.

முதல் பெட்டியின் துவாரத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. உள்ளே எலி, பஞ்சைப் பிய்த்துப் பிரசவ வார்டு நடத்தியிருந்தது. கம்பி மாட்டும் பித்தளை முனைகளில் கடற்காற்றின் உபயத்தால் பச்சைக் களிம்பு. ஆயினும் கூம்பு காகிதம் கெட்டியாக இருந்தது. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு துணியாலானது, அதனால் பிழைத்தது. விளிம்பு ஃபோமினால் ஆனதாக இருந்தால் பதினைந்து, இருபது ஆண்டுகளில் தானாகவே பொடியாகிவிடும் என்றும், அப்படிப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலும் விளிம்பை மட்டும் மாற்றினால் போதும், ஸ்பீக்கரையே எறிய வேண்டியதில்லை என்றும் பெரியவர் சொன்னார். பூஞ்சணத்தை உலர்ந்த தூரிகையால் துடைத்தார். ஈரத்துணி காகிதத்துக்கு எமன். மீட்டரை வைத்ததும் ஆறு ஓம் காட்டிற்று. எட்டு ஓம் என்று எழுதிய ஸ்பீக்கருக்கு அது ஆரோக்கியமான கணக்கு. முள் அசையாமலே நின்றிருந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். பிறகு டார்ச் செல்லைத் தொட்டார். ‘டப்’ என்று ஓர் ஒலி. கூம்பு முன்னே வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் அது விட்ட முதல் மூச்சு.

மூடி மாட்டியபின் மெல்லிய கட்டை ஒலி ஒன்றை எழுப்பி, ஊதுவத்திப் புகையை மூட்டுவாய்களின் ஓரமாக நகர்த்திக்கொண்டு போனார். ஓரிடத்தில் புகை துடித்தது. அங்கே வஜ்ஜிரம் விட்டுக் காற்று கசிகிறதென்று அறிந்து அடைத்தார். உலர்ந்துபோன கண்டென்ஸரை எடுத்துவிட்டு அதே அளவுள்ள புதியதை வைத்தார். முதல் பெட்டி அன்றே தேறியது.

இரண்டாவது பெட்டிதான் சோதித்துவிட்டது. இரு கைவிரல்களாலும் கூம்பைச் சமமாக அழுத்தியபோது, மணலில் தகரத்தை இழுத்தாற்போல் ‘கரகர’ என்றது. காந்தத்தின் இடுக்கில் துரு ஏறிக் கம்பிச்சுருளை உராய்ந்துகொண்டிருந்தது. புதிய ஸ்பீக்கர் வாங்கிப் போடுவதா, பழையதற்குப் புதுக் கூம்பும் சுருளும் போடுவதா? கடைக்காரரைக் கேட்டால் முதலாவதைச் சொல்வார். பெரியவர் வேறு விதமாகச் சொன்னார்: “காந்தம் கெடவில்லை, இரும்புக் கூடு கெடவில்லை, பெட்டி கெடவில்லை. கெட்டது காகிதமும் கம்பியும். வேட்டி கிழிந்தால் ஆளையா மாற்றுவீர்கள், அய்யா?”

மூன்று நாள் வேலை நடந்தது. கூம்பை அறுத்தெடுத்து, ஒட்டும் நாடாவை மடித்து இடுக்கில் நுழைத்துத் துருத்தூளைக் கொஞ்சங் கொஞ்சமாக வெளிக்கொணர்ந்தார். புதிய சுருளைச் சுற்றிலும் மெல்லிய காகிதச் சிம்புகளைச் செருகி, எந்தப் பக்கமும் தொடாதபடி நடுவே நிறுத்தினார். பசை காய ஓர் இரவு விட்டு, மறுநாள் சிம்புகளை ஒவ்வொன்றாக உருவினார். இந்த வேலையில் மயிரிழை பிசகினால் மறுபடியும் கரகரப்புத்தான். புதிய ஸ்பீக்கர் விலையில் நாலில் ஒரு பங்குதான் செலவாயிற்று. ஆனால் பெரியவரின் பிள்ளைகள் ஒருவரும் இத்தொழிலுக்கு வரவில்லை. இதைச் சொன்னபோது அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நமக்குத்தான் வருத்தமாக இருந்தது. வீட்டிலுள்ள பெட்டியைவிட, அதைப் பிழைக்க வைக்கும் கை முன்னதாகவே மறைந்துவிடும் போலிருக்கிறது.

இரண்டும் தேறிய பிறகு ஓர் அதிசயம் நேர்ந்தது. தனித்தனியே ஒலித்தபோது கம்பீரமாகப் பேசிய பெட்டிகள், சேர்ந்து ஒலித்தபோது நோஞ்சானாகிவிட்டன! இரண்டு பலசாலிகளைச் சேர்த்தால் ஒரு பலவீனன் கிடைப்பானா? பெரியவர் மறுபடியும் டார்ச் செல்லை எடுத்தார். ஒரு பெட்டியில் கூம்பு முன்னே வந்தது. மற்றதில் பின்னே போயிற்று. என்றோ எந்தக் கையோ ஒரு பெட்டியின் உட்கம்பிகளை மாற்றி இணைத்திருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ள, மற்றொன்று அதையே இழுக்க, கட்டை ஒலி நடுக்கூடத்தில் மடிந்துபோயிற்று. கம்பியை மாற்றிப் பூட்டியதும் தரையே பேசுவதுபோல் நாதம் எழுந்தது. எல்லாரும் உழைத்தும் காரியம் நடக்காத சபைகளையும் சங்கங்களையும் நேயர்கள் பார்த்திருப்பார்கள். அங்கெல்லாம் ஒரு டார்ச் செல்லைக் கொண்டு போய்ப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் குறை.

மாமா 1990-களில் மாசி மகத்தன்று பதிவு செய்திருந்த நாகசுர, தவில் கேஸெட்டு ஒன்றை நம் பையன் கைப்பேசிக்கு மாற்றி வைத்திருந்தான். அதை மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக ஒலியை ஏற்றினோம். அத்தை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். சில காலமாகவே டெலிவிஷனில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்பது அத்தையின் புகார். முதுமையில் செவி முதலில் இழப்பது உச்ச ஸ்தாயி ஒலிகளைத்தான். பேச்சில் எழுத்துக்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுபவை அவையே. கட்டை ஒலிகளோ பெரும்பாலும் கடைசிவரை துணை நிற்கும். பேச்சு விளங்குவதற்குக் காதுக்கருவி வேண்டியதுதான். பேஸ் பெட்டி அதற்கு மருந்தல்ல. ஆனால் சங்கீதத்தில் அத்தைக்கு மிஞ்சியிருந்த பாகம் எதுவோ, அதைத்தான் இத்தனை காலமாக வீட்டிலிருந்த சிறு கருவிகள் தராமல் ஏய்த்து வந்தன.

தவில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது. கழி தொப்பியில் விழுந்த ஒவ்வொரு அடியும் பெஞ்சிப் பலகையில் தெரிந்தது. அத்தை கையைப் பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் வைத்தார்கள். இரண்டு விரல்கள் தாமாகவே தாளம் போட்டன. “இது தொப்பி. இத்தனை வருஷமாய் இது எங்கே போயிருந்தது?” என்றார்கள். சற்று நேரம் பொறுத்து, “சத்தத்தைக் குறை, தம்பி. பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிற நேரம்” என்றார்கள்.

அத்தையின் சட்டமும் சர்க்கார் சட்டமும் இந்த விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி வைக்கலாகாது. குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பும் கட்டியிருக்கிறார்கள். கட்டை ஒலி சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் எளிதில் போகக்கூடியது. ஆகவே பேஸ் பெட்டி வைத்திருப்பவருக்குச் சாதாரண ஜனங்களைவிட அடக்கம் அதிகம் வேண்டும். பெரிய பெட்டியின் பெருமை பெரிதாகக் கத்துவதில் இல்லை. சிறிதாக ஒலிக்கும்போதும் அடிநாதத்தை விடாமல் கொடுப்பதுதான் அதன் பெருமை.

பழைய சாமான்காரர் மறுபடியும் வந்து விசாரித்தார். அத்தை அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள். பெட்டிகள் இப்போது கூடத்தில், அதே கருங்கற்களின் மேல் நிற்கின்றன. பரணிலும் மாடிப்படியின் கீழும் இத்தகைய ஊமைகளை வைத்திருக்கும் நேயர்களுக்குச் சொல்லக்கூடியது சொற்பந்தான். விலை பேசுவதற்கு முன் நாடி பாருங்கள். தேறினால் மாதத்துக்கு அரைமணியாவது பேச விடுங்கள். தேறாவிட்டால் கெட்டது எது என்று பார்த்து அதை மட்டும் மாற்றுங்கள்.

பெட்டியைத் திறந்தபோது உட்புறப் பலகையில் மாமா கையெழுத்தில், பென்சிலால், நீள அகல உயரமும் 1986 என்ற வருஷமும் எழுதியிருப்பதைக் கண்டோம். துவாரத்தின் அளவைப் பெரியவர் அதைப் பார்த்தே சரிபார்த்தார். மூடுமுன் அதற்குக் கீழே 2025 என்று எழுதி, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எந்த அளவுக் கண்டென்ஸர் வைக்கப்பட்டது, எந்தக் கம்பி எந்த முனைக்கு என்பதையும் தெளிவாகக் குறித்தார். அடுத்த தடவை திறப்பவர் யாராயிருந்தாலும் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.